விடை சரி, வழி எங்கே?

மதுரைக்கு அடுத்த மேலூர் பக்கம் ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

கொத்தனார் மூலையில் ஒரு முளை அடிக்கிறார். அங்கிருந்து ஒரு பக்கம் 3 அடி அளக்கிறார். மறுபக்கம் 4 அடி அளக்கிறார். இரண்டு முனைகளுக்கும் குறுக்கே நூல் பிடிக்கிறார். அது சரியாக 5 அடி இருந்தால், மூலை சரி. இல்லாவிட்டால் முளையைப் பிடுங்கி நகர்த்தி அடிக்கிறார்.

"அது ஏன் 5 அடி?" என்று கேட்டால், "மேஸ்திரி சொல்லிக் கொடுத்தது. இதுவரை தப்பியதே இல்லை" என்பார்.

வேலைக்கு அந்தப் பதில் போதும். ஆனால் பத்தாம் வகுப்பில் படிக்கும் பெண் அதையே பரீட்சையில் எழுதினால் மார்க் கிடைக்காது. ஏனென்றால் கேள்வித்தாள் விடையை மட்டும் கேட்கவில்லை. "நிரூபி" என்று கேட்கிறது.

"விடை சரியாகத்தானே இருக்கிறது? ஏன் மார்க்கைக் குறைத்தார்கள்?" - பிள்ளைகள் படிக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. நியாயம் யார் பக்கம்? பார்ப்போம்.

கைப்பேசியில் வந்த கணக்கு

செங்கோண முக்கோணத்தின் குறுக்களவைக் கண்டுபிடிக்கப் பழந்தமிழர் சொன்ன வழி என்று ஒரு கணக்கு கைப்பேசிகளில் வலம் வருகிறது. வர்க்கமூலமே வேண்டாம் என்பதால் பலருக்கும் அது பிடித்துப் போயிற்று.

வழி இதுதான். நீளமான பக்கத்தை எட்டுப் பங்கு ஆக்குங்கள். ஒரு பங்கைத் தள்ளுங்கள். மிச்சத்தோடு குட்டைப் பக்கத்தில் பாதியைக் கூட்டுங்கள். குறுக்களவு வந்துவிடும்.

கொத்தனாரின் அளவைப் போட்டுப் பாருங்கள். 4 அடியில் எட்டில் ஒரு பங்கு அரை அடி. அதைத் தள்ளினால் மூன்றரை. 3 அடியில் பாதி ஒன்றரை. கூட்டினால் 5. சரி!

இன்னொன்று: 12 அடி, 5 அடி. பன்னிரண்டில் ஒன்றரையைத் தள்ளினால் பத்தரை. ஐந்தில் பாதி இரண்டரை. கூட்டினால் 13. இதுவும் சரி!

இரண்டு தடவை பார்த்தாயிற்று. இரண்டும் சரி. உடனே நாலு பேருக்கு அனுப்பத் தோன்றுகிறது அல்லவா? கொஞ்சம் பொறுங்கள்.

இரண்டு பக்கமும் 8 அடி என்று வையுங்கள். எட்டில் ஒரு பங்கைத் தள்ளினால் 7. மற்ற எட்டில் பாதி 4. கூட்டினால் 11.

இப்போது பள்ளிக்கூடக் கணக்கைப் போடுவோம். 8-ஐ 8-ஆல் பெருக்கினால் 64. இரண்டு 64 சேர்ந்தால் 128. ஆனால் 11-ஐ 11-ஆல் பெருக்கினால் 121-தான். ஏழு குறைகிறது! உண்மையான குறுக்களவு 11 அடிக்கு மேல் கிட்டத்தட்ட 4 அங்குலம். இந்த 11 அடியை நம்பி நூல் பிடித்தால் அறையின் மூலை கோணிக்கொள்ளும்.

அப்படியானால் அந்த வழி எப்போது முழுக்கச் சரியாக வரும்? பக்கங்கள் 3-க்கு 4 என்ற விகிதத்தில் இருந்தால் வரும். 5-க்கு 12 என்ற விகிதத்தில் இருந்தால் வரும். வேறு எந்த வடிவத்துக்கும் முழுக்கச் சரியாக வராது. இருபடிச் சமன்பாடு படித்த பிள்ளைகள் இதைத் தாங்களே போட்டுப் பார்த்துவிடலாம். சரியாக வருகிற அந்த இரண்டையே உதாரணமாகக் காட்டினால் யார்தான் நம்பமாட்டார்கள்?

அந்த வழியைக் குறை சொல்லவில்லை. அவசரத்துக்கு உத்தேசமான அளவு சொல்ல அது நல்ல வழிதான். உத்தேசத்தை உண்மை என்று நம்புவதுதான் தப்பு.

சதுரத்துக்குள் ஒரு சதுரம்

சரி, பள்ளிக்கூடக் கணக்கு மட்டும் எப்போதும் சரியாக வரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பாடப் புத்தகத்தில் இருப்பதாலா? இல்லை. அதற்கு நிரூபணம் இருக்கிறது. பழைய காலண்டர் அட்டையும் கத்தரிக்கோலும் இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம்.

பக்கத்துக்கு 7 அங்குலம் உள்ள ஒரு சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும், சுற்றி வரும் வரிசையில், மூலையிலிருந்து 3 அங்குலம் தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். ஒவ்வொரு பக்கமும் 3, 4 என்று பிரிந்துவிடும். நான்கு புள்ளிகளையும் கோடு போட்டுச் சேருங்கள்.

மதுரைப் பிள்ளைகளுக்குச் சதுரத்துக்குள் சதுரம் புதிதல்ல. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதையும் சுற்றி மாசி வீதி என்று ஊரே அப்படித்தான் அமைந்திருக்கிறது. இங்கே உள்ளே இருக்கிற சதுரம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான்கு மூலைகளிலும் நான்கு முக்கோணங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கங்கள் 3, 4. ஒவ்வொன்றின் பரப்பும் 6. நான்கும் சேர்ந்தால் 24. முழு அட்டையின் பரப்பு 49. முக்கோணங்களை வெட்டி எடுத்தால் மிச்சம் 25. அதுதான் உள்ளே சாய்ந்து நிற்கிற சதுரம். ஐயைந்து இருபத்தைந்து. ஆகவே அதன் பக்கம் 5. அந்தப் பக்கம்தான் முக்கோணத்தின் குறுக்களவு.

"உள்ளே இருப்பது சதுரம்தான் என்று எப்படித் தெரியும்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அதைத் தட்டிக் கொடுங்கள். கேட்க வேண்டிய கேள்வி அது. நான்கு முக்கோணங்களும் ஒரே அச்சு. ஆகவே உள்ளே உள்ள நான்கு பக்கங்களும் சமம். இனி மூலையைப் பாருங்கள். முக்கோணத்தின் இரண்டு சிறிய கோணங்களும் சேர்ந்தால் 90 பாகை. நேர்கோட்டில் மொத்தம் 180 பாகை. 90 போக மிச்சம் 90. ஆகவே அது செங்கோணம். சந்தேகம் தீர்ந்தது.

இதில் 3, 4 என்ற எண்களுக்கு விசேஷம் எதுவும் இல்லை. 8, 8 என்று வையுங்கள். 16 அங்குல அட்டை. பரப்பு 256. நான்கு முக்கோணங்களும் சேர்ந்து 128. மிச்சம் 128. மேலே பார்த்த அதே 128! எந்த இரண்டு அளவை வைத்தாலும் இதே வழி செல்லும். அளந்து பார்க்காத அளவுக்கும் செல்லும். அதுதான் நிரூபணத்தின் பலம்.

இன்னும் ஒரு நுட்பம் இருக்கிறது. மூலை சரியாக இருந்தால் குறுக்களவு 5 என்று நாம் காட்டினோம். கொத்தனாருக்கு வேண்டியது அதன் மறுதலை: குறுக்களவு 5 என்றால் மூலை சரியா? இதற்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டும். 3, 4, 5 என்ற மூன்று பக்கங்களை வைத்து ஒரே அச்சில்தான் முக்கோணம் அமையும். செங்கோண முக்கோணம் ஒன்று அந்த அளவில் இருப்பதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். ஆகவே இதுவும் அதுவேதான். ஒன்றை நிரூபித்துவிட்டு மறுதலையையும் நிரூபித்ததாக நினைத்துக்கொள்வதால் பல பிள்ளைகள் மார்க்கை இழக்கிறார்கள்.

ராமானுஜனைக் கேட்ட கேள்வி

விடை சரி, வழி எங்கே என்ற கேள்வி சாதாரணப் பிள்ளைகளுக்கு மட்டும் வந்ததல்ல. கணித மேதை ராமானுஜனுக்கும் வந்தது.

1887-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் ராமானுஜன். பள்ளியில் படிக்கும் காலத்தில் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த ஒரு கணிதப் புத்தகம் அவர் கைக்குக் கிடைத்தது. பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கான தொகுப்பு அது. ஆயிரக்கணக்கான முடிவுகள் வரிசையாக இருக்கும். நிரூபணம் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் ஒரு குறிப்போடு சரி.

ராமானுஜனும் அதே பாணியில் தம் நோட்டுப் புத்தகங்களை எழுதினார். காகிதம் விலை அதிகம். கணக்கைச் சிலேட்டில் போடுவார், முழங்கையால் அழிப்பார், முடிவை மட்டும் நோட்டில் எழுதுவார். வழி சிலேட்டோடு அழிந்து போயிற்று!

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். 1913 ஜனவரி 16-ந் தேதி இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தோடு தாம் கண்டுபிடித்த பல முடிவுகளையும் அனுப்பினார்.

ஹார்டி பிரமித்துப் போனார். ஆனால் பாராட்டோடு நிறுத்தவில்லை. சிலவற்றுக்காவது நிரூபணம் பார்க்க வேண்டும் என்று பிப்ரவரி 8-ந் தேதி பதில் எழுதினார்.

ராமானுஜன் தம் வழியை எழுதி அனுப்பவில்லை. என் விடைகளைச் சரிபாருங்கள். ஒத்து வந்தால் என் வழியிலும் ஏதோ உண்மை இருப்பதாக ஒப்புக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் பதில் போட்டார். நம் வீட்டுப் பிள்ளைகள் சொல்வதும் ஏறக்குறைய அதுதானே?

ஆனால் ஹார்டி கேட்டதில் நியாயம் இருந்தது. ராமானுஜன் அனுப்பியவற்றில் பெரும்பாலானவை சரி. சில மட்டும் தவறு. பகா எண்கள் எத்தனை என்று கணக்கிட அவர் சொன்ன வழி, அவர் நினைத்த அளவுக்குத் துல்லியமானதல்ல. எவ்வளவு பெரிய மேதையானாலும், நிரூபணம் இல்லாவிட்டால் எது பொன், எது பித்தளை என்று பிரிக்க முடியாது.

நாற்பது முறை சரி!

1914-ல் ராமானுஜன் இங்கிலாந்து போனார். அங்கே ஹார்டியோடு சேர்ந்து உழைத்தார். நிரூபணம் என்றால் என்ன என்று ஹார்டி அவருக்குச் சொன்னார். ஆனால் அவர் என்னிடம் கற்றதைவிட நான் அவரிடம் கற்றதே அதிகம் என்ற கருத்தை ஹார்டியே பின்னால் எழுதியிருக்கிறார்.

இருவரும் ஆராய்ந்த விஷயங்களில் ஒன்றைக் குழந்தைகளும் புரிந்துகொள்ளலாம். 4 மாம்பழங்களை எத்தனை விதமாகக் கூறு கட்டலாம்? நாலும் ஒரே கூறு, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நாலும் தனித்தனி. ஆக 5 விதம்.

9 பழமானால் 30 விதம். 14 ஆனால் 135. 19 ஆனால் 490. 200 பழமானால்? 3 லட்சத்து 97 ஆயிரத்து 299 கோடியே 90 லட்சத்து 29 ஆயிரத்து 388 விதம்! மக்மஹோன் என்ற கணித அறிஞர் கையாலேயே கணக்குப் போட்டு 200 வரைக்கும் ஒரு பட்டியல் தயாரித்தார்.

அந்தப் பட்டியலில் ராமானுஜன் ஒன்றைக் கவனித்தார். 4, 9, 14, 19 என்று, எண் 4-லோ 9-லோ முடிந்தால் விடை ஐந்தால் மீதியின்றி வகுபடுகிறது. 200-க்குள் அப்படி 40 எண்கள். நாற்பதும் சரி.

நாற்பது முறை சரி என்றால் போதாதா? போதாது! இதோ ஒரு வேடிக்கை. ஓர் எண்ணை எடுங்கள். அதை அதே எண்ணால் பெருக்குங்கள். அந்த எண்ணையும் கூட்டுங்கள். பிறகு 41 கூட்டுங்கள். 0-க்கு 41. 1-க்கு 43. 2-க்கு 47. 3-க்கு 53. எல்லாம் பகா எண்கள். இப்படி 39 வரையில் நாற்பது தடவையும் பகா எண்ணே வரும். அடுத்து 40-ஐப் போடுங்கள். 1681 வரும். அது 41 தடவை 41! நாற்பது முறை சரியாக வந்தது நாற்பத்தோராவது முறை கவிழ்ந்துவிட்டது.

ராமானுஜன் இந்தத் தடவை பட்டியலோடு நிற்கவில்லை. 4-லும் 9-லும் முடியும் எல்லா எண்களுக்கும், கோடி கோடி தாண்டினாலும், விடை ஐந்தால் வகுபடும் என்று நிரூபித்தார். அந்த நிரூபணம் 1919-ல் வெளியான கட்டுரையில் அச்சாயிற்று. மறு வருஷம், 1920 ஏப்ரல் 26-ந் தேதி, 32 வயதில் அவர் காலமானார்.

அவர் நோட்டுப் புத்தகங்கள் என்ன ஆயின? சிலேட்டில் அழிந்த வழிகளை மற்றவர்கள் தேட வேண்டியதாயிற்று. அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட் அந்த முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, நிரூபணத்தோடு ஐந்து பாகங்களாக வெளியிட்டார். முதல் பாகம் வந்தது 1985-ல். ஐந்தாம் பாகம் வந்தது 1998-ல்.

எப்படி எழுதுவது?

நிரூபணம் எழுதுவது மேதைகளுக்கு மட்டும் உரிய வித்தை அல்ல. சின்னக் கணக்கில் தொடங்கலாம்.

இரண்டு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் இரட்டைப்படை எண் வரும். 3-ம் 5-ம் 8 என்று காட்டினால் அது உதாரணம். நிரூபணம் அல்ல. இப்படிச் சொல்லுங்கள்: ஒற்றைப்படை எண்ணை ஜோடி ஜோடியாக வைத்தால் கடைசியில் ஒன்று மிச்சம் நிற்கும். இரண்டாவது எண்ணிலும் ஒன்று மிச்சம். இந்த இரண்டு மிச்சமும் சேர்ந்து ஒரு ஜோடி. இப்போது தனியாக எதுவும் இல்லை. ஆகவே கூட்டுத்தொகை இரட்டைப்படை. முடிந்தது! உலகத்தில் உள்ள அத்தனை ஒற்றைப்படை எண்களுக்கும் இந்த ஐந்தாறு வரி போதும்.

பரீட்சையிலும் இதே முறைதான். கணக்கில் கொடுத்திருப்பது என்ன என்று முதலில் எழுத வேண்டும். காட்ட வேண்டியது என்ன என்று தனியாக எழுத வேண்டும். பிறகு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். காட்ட வேண்டியதையே தெரிந்ததாக நடுவில் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பந்தி முடியும் முன்பே இலை எடுப்பது போல. ஆயிரம் உதாரணம் சேர்ந்தாலும் நிரூபணம் ஆகாது. ஆனால் ஒரே ஓர் எதிர் உதாரணம் போதும், ஒரு விதியைத் தள்ளிவிட.

பெற்றோர் கணக்குப் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பிள்ளை கணக்குப் போட்டு முடித்ததும் "ஏன்?" என்று கேட்டால் போதும். "வாத்தியார் சொன்னார்" என்று பதில் வந்தால், "அவர் ஏன் அப்படிச் சொன்னார்?" என்று இன்னொரு தடவை கேளுங்கள். பிள்ளை தன் சொந்த வார்த்தையில் காரணம் சொல்லிவிட்டால், அந்தக் கணக்கு இனி அதற்குச் சொந்தம். புத்தகத்தை மூடினாலும் மறக்காது.