ரேம் கூட்டிய பின் கணினி இயங்கவில்லையா?

தாராவியின் தோல் பட்டறையாயினும், மாட்டுங்காவின் பலசரக்குக் கடையாயினும், செம்பூரின் கணக்கு எழுதும் அலுவலகமாயினும், எங்கள் வாடிக்கையாளர்கள் பலரது தொழில் இன்று ஒரே ஒரு கணினியை நம்பி நடைபெறுகிறது. விற்பனைப் பட்டியல், சரக்கு இருப்பு, ஜிஎஸ்டி கணக்கு, இணைய வங்கிச் சேவை ஆகிய அனைத்தும் அதிலேயே அடங்கியுள்ளன. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிவுற்றது. ஆதலால் பழைய கணினிக்குக் கூடுதல் ரேம் வாங்கிப் பொருத்துவோர் பலர். லாமிங்டன் சாலையில் வாங்கிய ரேமைப் பொருத்தியதும் திரை கருமையாகவே நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதை இங்கே விளக்குகிறோம்.

முதலில் ஒன்றை மனத்தில் கொள்ளுதல் நலம். கணக்குகள் ரேமில் இல்லை. ஹார்டு டிஸ்கிலோ எஸ்எஸ்டியிலோ உள்ளன. ரேம் என்பது பேரேட்டை விரித்து எழுதும் மேசை; டிஸ்க் என்பது அதைப் பூட்டி வைக்கும் பீரோ. மேசையின் கால் ஆடினால் பீரோவைக் காலி செய்ய வேண்டியதில்லை. ஆகவே, ரேம் மாற்றியதால் வந்த கோளாறுக்கு 'ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும்' என்று எவரேனும் கூறினால் உடனே இசைய வேண்டாம்.

விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே கணினி தன் ரேமைச் சோதிக்கிறது. அச்சோதனை தோற்றால் பீப் ஒலி எழலாம், அல்லது திரையில் ஒன்றுமே தோன்றாதிருக்கலாம். ரேம் முழுமையாக அழுந்தாமையே இதற்குப் பெரும்பாலும் காரணம். வகை மாறியிருப்பது மற்றொரு காரணம். மேசைக் கணினிக்குரிய டிடிஆர்3 ரேமில் 240 முனைகள் உண்டு. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 முனைகள். ஆயினும் வெட்டுப்பள்ளத்தின் இடம் ஒவ்வொன்றிலும் வேறு. ஆதலால் பொருந்தாததை அழுத்தித் திணிக்கலாகாது. 1.35 வோல்ட் ரேமை மட்டுமே ஏற்கும் மடிக்கணினியில் 1.5 வோல்ட் டிடிஆர்3 ரேம் கச்சிதமாக உட்கார்ந்தாலும், கணினி தொடங்காமற் போகலாம்.

சோதிக்கும் முறை பின்வருமாறு.

1. கணினியை முழுமையாக அணைத்து, மின்கம்பியைக் கழற்றுங்கள். மடிக்கணினியாயின் பேட்டரி இணைப்பையும் நீக்குங்கள். உடலில் உள்ள நிலைமின்சாரம் நீங்க, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொடுங்கள்.

2. புதிய ரேமை எடுத்துவிட்டுப் பழையதை மட்டும் பொருத்துங்கள். கணினி தொடங்கினால், மற்ற வேலைகளுக்கு முன் கணக்குக் கோப்புகளை வெளி டிஸ்கில் நகலெடுங்கள்.

3. பழையது இயங்கிய அதே இடத்தில் புதியதை மட்டும் பொருத்துங்கள். தொடங்கவில்லையெனில் அது பழுதானது அல்லது ஒவ்வாதது. ரசீதுடன் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள். தனித்தனியே இயங்கி, சேர்ந்து இயங்காவிடில், இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்றோ, மற்றோர் இடம் பழுது என்றோ கொள்ளலாம். அந்த இடத்தில் பழைய ரேமை மட்டும் இட்டுப் பார்த்தால் எது என்பது தெளிவாகும்.

4. டிடிஆர்5 கணினி முதன்முறை தொடங்கச் சில நிமிடங்கள் எடுக்கலாம். திரை கருமையாக உள்ளதென்று இடையில் மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள்.

5. பயாஸ் அமைப்பை மாற்றுவதற்கு முன், பிட்லாக்கர் பூட்டு உள்ள கணினியாயின் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணினி தொடங்கிய பிறகும் நீலத்திரை தோன்றி நின்றால், விண்டோஸிலேயே உள்ள நினைவகச் சோதனையை நடத்துங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமில் கணக்கு எழுத வேண்டாம். பழுதான ரேம் எவ்வித எச்சரிக்கையுமின்றிக் கோப்புகளைச் சிதைத்துவிடக்கூடும். அது மாதக் கடைசியில்தான் தெரியவரும்.

பழுதுபார்க்கக் கொடுக்க நேர்ந்தால், டிஜிட்டல் கையொப்ப டோக்கனைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். இணைய வங்கிக் கடவுச்சொல்லையோ ஓடிபியையோ எவரிடமும் கூற வேண்டாம். கணினி திரும்பியதும், பிரவுசரில் சேமித்திருந்த கடவுச்சொற்களை மாற்றிவிடுங்கள். பணம் பறிபோனதாக ஐயம் எழுந்தால், தாமதியாது வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்ற எண்ணிலும் புகார் செய்யுங்கள்.

மாதந்தோறும் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்வோருக்குக் கடைசி நாள் 20. ரேம் மாற்றும் பணியை அதற்குப் பிந்தைய நாட்களுக்கு ஒதுக்கிக்கொள்வதே எங்கள் பரிந்துரை.