100 கிலோவுக்கு மேல எடையா? கயாக் வாங்கறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க!

ட்ரெக்கிங், சைக்கிளிங் வரிசையில இப்போ கயாக்கும் சேர்ந்தாச்சு. ஒருத்தரோ ரெண்டு பேரோ உட்கார்ந்து துடுப்புப் போடுற சின்னப் படகுதான் கயாக். பாறைகளுக்கு நடுவுல நுரை பொங்க ஓடுற ஆத்துல இதை ஓட்டுறதுக்குப் பேரு வைட்வாட்டர் கயாக்கிங். போனஸ் வந்ததும் ஒண்ணு வாங்கிடலாமான்னு யோசிக்கிறவங்க நிறைய. ஆனா, கொஞ்சம் பெரிய உடம்புக்காரங்களுக்கு இதுல தப்பான சைஸ் எடுத்தா பணம் மட்டும் போகாது, உயிருக்கே ஆபத்து.

கணக்குக்காக ஒருத்தரை எடுத்துக்குவோம். சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டம் அபிராமம். வேலை பெங்களூருல. உயரம் 6 அடி, எடை 105 கிலோ.

'அதிகபட்ச எடை' உங்களுக்கான நம்பர் இல்லை

கயாக் விவரத்துல ரெண்டு எண் முக்கியம். ஒண்ணு, கொள்ளளவு. இது பெரும்பாலும் காலன்ல இருக்கும். ஒரு அமெரிக்க காலன் சுமார் 3.8 லிட்டர். இன்னொண்ணு, ஓட்டுறவரோட எடை வரம்பு. இது பவுண்டுல இருந்தா 2.2-ஆல வகுத்தா கிலோ கிடைச்சுடும்.

நம்ம ஆள் 105 கிலோ. ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், நனைஞ்ச துணி எல்லாம் 7 கிலோன்னு வைங்க. தண்ணி பாட்டில், சாப்பாடு, கயிறு 5 கிலோ. மொத்தம் 117 கிலோ. கடையில 60–120 கிலோ வரம்புல ஒரு கயாக், 80–140 கிலோ வரம்புல இன்னொண்ணு இருந்தா, எதை எடுப்பீங்க? முதல் கயாக்கும் தாங்கும்தான். ஆனா எடுக்க வேண்டியது ரெண்டாவதை.

ஏன்னா, வரம்போட உச்சியில இருக்கும்போது படகு தண்ணியில ஆழமா அமுங்கும். ஓரத்தையும் பின்பக்கத்தையும் நீரோட்டம் சுலபமா பிடிச்சு இழுத்துக் கவுத்துடும். அலைக்குள்ள போனா மேல வர நேரமாகும். பேங்க் உங்களுக்கு 60,000 ரூபாய் இ.எம்.ஐ. வரைக்கும் தகுதி இருக்குன்னு சொன்னா, 60,000-க்கும் லோன் எடுப்பீங்களா? அதே கதைதான். உங்க மொத்த எடை, வரம்போட நடுப்பகுதியிலயோ அதுக்குக் கொஞ்சம் மேலயோ வரணும்.

வகையையும் பாருங்க. சாகசம் காட்டுறதுக்கான 'ப்ளேபோட்' கொள்ளளவு குறைஞ்சது. 'க்ரீக் போட்' கொள்ளளவு அதிகம். மூழ்கினாலும் சீக்கிரம் மேல வரும். பெரிய உடம்புக்காரங்க கத்துக்கும்போது க்ரீக் போட், இல்லேன்னா நடுத்தரமான 'ரிவர் ரன்னர்' வகையில பெரிய சைஸ் எடுக்கறதுதான் நல்லது.

எடை சரி, உடம்பு உள்ள போகுதா?

105 கிலோவுல ரெண்டு பேர் இருந்தா, ஒருத்தருக்கு இடுப்பு பெருசா இருக்கும், இன்னொருத்தருக்குக் கால் நீளமா இருக்கும். அதனால எண்ணைப் பார்த்து மட்டும் ஆன்லைன்ல ஆர்டர் போடாதீங்க. முதல்ல தரையிலயே உட்கார்ந்து பாருங்க:

1. ஷூவோட உட்காருங்க. பாதம் மடங்காம நிக்குதா? பெரிய பாதம் உள்ளவங்களுக்கு முதல்ல இடிக்கிறது இங்கதான்.
2. இடுப்பு ஆடவும் கூடாது, நசுங்கவும் கூடாது. ஆடினா பக்கவாட்டுப் பஞ்சு சேர்த்துக்கலாம். நசுங்கினா ஒண்ணும் பண்ண முடியாது.
3. 20 நிமிஷம் அப்படியே இருங்க. கால் மரத்துப் போனா அது உங்க படகு இல்லை.
4. கடைசியா, முக்கியமா: பயிற்சியாளரைப் பக்கத்துல வைச்சுக்கிட்டு, ஆழம் குறைஞ்ச அமைதியான தண்ணியில கவிழ்ந்து, தடையில்லாம வெளிய வர முடியுதான்னு பாருங்க. வர முடியலைன்னா எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

லைஃப் ஜாக்கெட்டுக்கு எடையை விட மார்புச் சுற்றளவுதான் முக்கியம். ஜிப்பைப் போட்டு, வாரை இறுக்கி, தோள்பட்டையைப் பிடிச்சு மேல இழுத்தா காதுக்கு ஏறக் கூடாது. வாடகைக்கு எடுக்கிற இடத்துல கூச்சப்பட்டு எடையைக் குறைச்சுச் சொல்லாதீங்க. முன்கூட்டியே போன் பண்ணி எடை, உயரம், மார்பு அளவைச் சொல்லிடுங்க.

வாங்கறதா, வாடகையா?

இது உதாரணக் கணக்கு. உங்க விலையைப் போட்டுப் பாருங்க. கயாக் 1,00,000, துடுப்பு, ஹெல்மெட் வகையறா 30,000. 5 வருஷம் கழிச்சு 40,000-க்கு வித்தா நிகரச் செலவு 90,000. வருஷத்துக்கு 18,000. வைக்கிற இடம், ஏத்தி இறக்குற செலவு 6,000. அந்த 1,30,000-ஐ 7% எஃப்.டி.யில போட்டிருந்தா வந்திருக்கும் வட்டி 9,100. ஆக வருஷத்துக்கு 33,100 ரூபாய்.

வாடகை ஒரு நாளைக்கு 1,500-ன்னா, வருஷத்துக்கு 22 நாளுக்கு மேல ஓட்டினாதான் வாங்கறது லாபம்.

நம்ம ஆள் 22 நாள் ஓட்ட முடியுமா? ராமநாதபுரம் சீமையில வைட்வாட்டரே கிடையாது. வைகை கடைசியா பெரிய கண்மாய்க்கு வந்து சேர்றதே நமக்குப் பெரிய விஷயம்! மழைக்காலத்துல கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரிப் பக்கம் போகணும். மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் நடக்குற சாலிப்புழையும் இருவஞ்ஞிப்புழையும் அங்கதான் ஓடுது. இல்லேன்னா ரிஷிகேஷ், அங்க மழைக்காலத்துல நிறுத்திடுவாங்க. லீவு, பஸ், ரயில் எல்லாம் சேர்த்தா வருஷத்துக்கு 6 நாள் கிடைச்சாலே பெருசு. 6 நாளுக்கு வாடகை 9,000 ரூபாய்தான்.

அதனால ஊருக்கு வரும்போது முதல்ல காரங்காட்டுக்குப் போங்க. சதுப்புநிலக் காட்டுக்கு நடுவுல வனத்துறையோட சூழல் சுற்றுலாவுல கயாக் ஓட்டலாம். உச்சிப்புளி பக்கத்துல பிரப்பன்வலசையிலயும் கடல்ல கயாக் இருக்கு. இது அமைதியான தண்ணிக்கான படகு, வைட்வாட்டர் வேற. ஆனா ஒரு மணி நேரம் உட்கார்ந்தா முதுகும் முட்டியும் ஒத்துழைக்குதா, இந்த ஆசை நிலைக்குமான்னு சில நூறு ரூபாய்லயே தெரிஞ்சுடும். வடகிழக்குப் பருவமழை நேரத்துல பாக் நீரிணைப் பக்கம் கடல் மோசமா இருக்கும், விசாரிச்சுட்டுப் போங்க.

இன்சூரன்ஸையும் பாருங்க

ஹெல்த் பாலிசிகள்ல ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொது விலக்கு ஒண்ணு இருக்கு: சாகச விளையாட்டுல 'தொழில்முறையா' பங்கெடுத்துக் காயம்பட்டா சிகிச்சைச் செலவு கிடைக்காது. பொழுதுபோக்குக்கு ஓட்டுறவங்களை அது குறிக்கலை. ஆனா தனிநபர் விபத்து பாலிசியிலயும் டெர்ம் பாலிசியோட விபத்து ரைடர்லயும் விதி வேற மாதிரி இருக்கலாம். பாலிசி பத்திரத்துல விலக்குகள் பக்கத்தைப் படிங்க. சந்தேகம் இருந்தா மெயில்ல கேட்டு, பதிலை பத்திரமா வைச்சுக்குங்க.

வரிசை இதுதான்: முதல்ல அமைதியான தண்ணி, அப்புறம் பயிற்சி, அப்புறம் வாடகையில ரெண்டு மூணு சைஸ். 22 நாள் கணக்கு உண்மையிலேயே தாண்டுற வருஷம், உங்க உடம்புக்கு எந்த சைஸ்னு யாரையும் கேட்கத் தேவையிருக்காது. அப்போ தைரியமா வாங்குங்க, அதுவும் இ.எம்.ஐ. இல்லாம!