கண்ணாடியோடு பேசிய ஆண்டி மர்ரே

2012 யு.எஸ். ஓப்பன் டென்னிஸ் இறுதி ஆட்டம். முதல் இரண்டு செட்டை வென்ற ஆண்டி மர்ரே, அடுத்த இரண்டையும் ஜோகோவிச்சிடம் பறிகொடுத்திருந்தார். ஐந்தாவது செட்டுக்கு முன் கழிவறைக்குப் போனவர், கண்ணாடியைப் பார்த்து, ‘நீ தோற்கப் போவதில்லை’ என்ற பொருள்பட வாய்விட்டே பேசினார். முதலில் அவருக்கே கூச்சமாகத்தான் இருந்ததாம். கடைசி செட் 6-2. கோப்பை அவருக்கு.

பேச்சு பந்தை என்ன செய்யும்?

பந்தை ஒன்றும் செய்யாது, கவனத்தைத் திருப்பும். சர்வ் போடும்போது ‘போன தடவை வலையில் அடித்தோமே’ என்று மனம் அலைந்தால், பழகிய கை தடுமாறும். அந்த நேரத்தில் ஒரு சின்னச் சொல் மனத்தைப் பிடித்து நிறுத்துகிறது. திமோதி கால்வே 1974-இல் எழுதிய டென்னிஸ் நூலில் சொன்ன உத்தி வெகு எளிது: பந்து தரையில் படும்போது ‘பவுன்ஸ்’, மட்டையில் படும்போது ‘ஹிட்’. வாய்க்கு வேலை கொடுத்துவிட்டால், கை தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கோ, பந்து தவறினால் ‘சே, மடையா!’தான் முதலில் வரும். விளையாட்டு உளவியலாளர் ஜூடி வான் ரால்ட்டேயின் குழு 1994-இல் வெளியான ஆய்வில் இளம் டென்னிஸ் ஆட்டக்காரர்களைக் கவனித்தபோது, இத்தகைய வசவு தோல்வியோடு சேர்ந்தே வந்தது. வேடிக்கை என்னவென்றால், வெளிப்படையான உற்சாகப் பேச்சுக்கும் வெற்றிக்கும் அதில் தொடர்பு தெரியவில்லை.