நீர்க்கடுப்பும் கூச்சமும்

தலைவலி வந்தால் அண்டை வீட்டாருக்கெல்லாம் சொல்லி மருந்து கேட்கிற பெண்மணிகூட, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் கண்டால் அதை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்லாமல், "உடம்பு சூடு பிடித்துவிட்டது" என்று தமக்குத் தாமே சமாதானம் கூறிக்கொண்டு, ஒரு செம்பு மோரையோ வெந்தயம் ஊறிய நீரையோ பருகி, நாலைந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். மோரின்மீது எனக்கு விரோதம் ஒன்றுமில்லை. வெயிலில் அலைந்து, நீர் வற்றி, சிறுநீர் மஞ்சளாகிச் சற்றே எரிவதும் உண்டுதான். அது வேண்டுமட்டும் தண்ணீர் குடித்தால் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். அடங்காமல் நீடிக்கும் நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம் உஷ்ணமன்று, கிருமி.

கிருமி வரும் வழி

குழந்தை வைத்தியரான தியோடோர் எஷரிக் என்பவர் 1885ஆம் ஆண்டில், குடலில் வாழும் பாக்டீரியா ஒன்றை முதன்முதலாக விவரித்தார். அவர் பெயரையே தாங்கி இன்று ஈ.கோலை என்று சுருக்கமாக வழங்கும் அக்கிருமி, குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் சாதுவாகவே இருந்து, சிறுநீர்ப் பாதையில் புகுந்தவுடன் தன் சுபாவத்தை மாற்றிக்கொள்கிறது. சாதாரணமாக நேரும் சிறுநீர்த் தொற்றுகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இதனால்தான். மயிரிழையினும் நுண்ணிய உறுப்புகளால் சிறுநீர்ப்பையின் உட்சுவரை அது பற்றிக்கொள்வதால், சிறுநீரின் ஓட்டம் அதனை எளிதில் அடித்துச் சென்றுவிட முடிவதில்லை.

ஆண்களின் சிறுநீர்த்தாரை சுமார் 20 சென்டிமீட்டர் நீளமிருக்க, பெண்களுக்கோ அது 4 சென்டிமீட்டர் அளவே. அதன் வாயிலும் மலத்துவாரத்துக்கு அருகிலேயே அமைந்திருக்கிறது. ஆகவே, பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஆயுளில் ஒருமுறையேனும் இவ்வுபாதைக்கு ஆளாகிறார்கள் என்பதில் வியப்பில்லை. தாம்பத்திய உறவுக்குப் பின் இது தோன்றுவதும் இயல்பே. அதனால் இதைப் பால்வினை நோய் என்றோ, யாரோ ஒருவருடைய நடத்தைக் குற்றம் என்றோ எண்ணிக் குமைவது வீண் லஜ்ஜை.

எப்போது அஞ்ச வேண்டும்

எரிச்சல், அடிக்கடி போகவேண்டும் என்ற அவசரம், போனால் சொட்டுச் சொட்டாகவே வருதல், அடிவயிற்று வலி, நீர் கலங்கியிருத்தல், சில சமயம் இரத்தம் கலந்திருத்தல் ஆகிய இவை சிறுநீர்ப்பையின் மட்டத்தில் தொற்று நிற்பதைக் காட்டுவன. ஆனால் குளிர் நடுக்கத்தோடு ஜுரம் கண்டு, விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் வலித்து, வாந்தியும் சேர்ந்துகொண்டால், கிருமி சிறுநீரகம்வரை ஏறிவிட்டது என்று கருதி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கைக்குழந்தைகளுக்கு ஜுரத்தைத் தவிர வேறு அடையாளமே இல்லாதிருக்கலாம். கர்ப்பிணிகளுக்கோ, எவ்வித உபாதையும் இல்லாதபோதும் சிறுநீரில் கிருமி இருந்தால் சிகிச்சை அவசியம்; கவனியாமல் விட்டால் சிறுநீரகத் தொற்றுக்கு அது வழிவகுக்கும்.

பாட்டிலும் பரீட்சையும்

யூரின் கல்ச்சர் என்று வைத்தியர் எழுதிக் கொடுக்கும் பரீட்சையின் பெருமை பாதி, அந்தச் சின்னப் பாட்டிலைப் பிடிக்கும் விதத்தில் இருக்கிறது. முதலில் வரும் நீரைக் கழியவிட்டு, நடுவில் வருவதைத்தான் பிடிக்க வேண்டும். மூடியின் உட்புறத்தைக் கையால் தொடலாகாது. பிடித்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவிட வேண்டும். காலையில் பிடித்த பாட்டிலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கறிகாய்க் கடை, பாங்கு எல்லாம் முடித்து மத்தியானம் கொண்டுபோய்க் கொடுத்தால், வழியிலேயே கிருமிகள் பல்கிப் பெருகி, இல்லாத வியாதியை இருப்பதாகக் காட்டும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும்; எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்ற இரண்டையும் அது சொல்லிவிடும்.

மருந்துக்கடையில் நிற்பவரிடம் "போன தடவை சாப்பிட்ட மாத்திரை நாலு கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி, எரிச்சல் தணிந்ததும் மிச்சத்தை அலமாரியில் போட்டுவைப்பதைப்போன்ற அபாயகரமான சிக்கனம் வேறில்லை. நம் நாட்டில் பல ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு ஈ.கோலை மசியாமற் போய்விட்டதில் இப்பழக்கத்துக்கும் பங்குண்டு. 1950களில் வழக்கத்துக்கு வந்த நைட்ரோஃப்யூரான்டாயின் என்னும் பழைய மருந்தை வைத்தியர்கள் இன்று மறுபடியும் விரும்பி எழுதுகிறார்கள் என்றால், பின்னால் வந்தவை பல வலுவிழந்துபோனதே அதற்கு முக்கியக் காரணம்.

தண்ணீரும் கழிப்பறையும்

2018இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அடிக்கடி இத்தொற்றுக்கு ஆளாகி, குறைவாகவே நீர் அருந்தி வந்த பெண்கள், நாள்தோறும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தபோது, ஓராண்டில் அவர்களுக்குத் தொற்று வந்த தடவைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. இளநீரும் பார்லிக் கஞ்சியும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளத் தக்கவையே.

ஆனால், தண்ணீர் குடியுங்கள் என்று உபதேசம் செய்வது சுலபம். ஜவுளிக்கடையில் நாள் முழுதும் நின்று புடவை விரித்துக் காட்டும் பெண், மேற்பார்வையாளரிடம் அடிக்கடி அனுமதி கேட்கக் கூசியே காலையிலிருந்து தொண்டையை நனைக்காமல் இருக்கிறாள். கடைத் தொழிலாளருக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. வேண்டும்போது எழுந்து கழிப்பறைக்குப் போய்வருவதும் அதனினும் குறைந்த உரிமையன்று என்பது என் அபிப்பிராயம்.

திரும்பத் திரும்ப வந்தால்

ஆறு மாதத்தில் இரண்டு முறையோ, ஓராண்டில் மூன்று முறையோ தொற்று வருமாயின், மாத்திரையோடு நிறுத்தாமல் காரணத்தைத் தேட வேண்டும். சர்க்கரை வியாதி, கல், ஆண்களுக்கானால் புராஸ்டேட் வீக்கம் ஆகியவற்றை இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் காட்டிக் கொடுக்கும். மாதவிடாய் நின்ற ஸ்திரீகளுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் காப்பாக இருந்த நல்ல கிருமிகள் மறைந்துபோகின்றன. அவர்களில் பலருக்கு, பிறப்புறுப்பினுள் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு ஒன்றே போதிய பலன் தருவதுண்டு. அது தமக்கு ஏற்றதா என்று மகளிர் நல வைத்தியரிடம் நேராகவே கேட்டுவிடலாம்.