கீரை வாடியது, போன் அடிக்கவில்லை

போன வாரம் முப்பது கட்டு அரைக்கீரையைப் பறித்து வைத்துக் காத்திருந்தேன். வழக்கமாக வாங்குபவரிடமிருந்து அழைப்பே இல்லை. சாயங்காலம் நானே கூப்பிட்டேன். “அண்ணே, காலையிலேர்ந்து நாலு தடவ அடிச்சேன், எடுக்கவே இல்லியே”ன்னார். என் போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. கீரை மாட்டுக்குப் போனது.

நேரடியாக விற்கிற நமக்கு போன்தான் கடைவாசல். பயிர் வாடினால் வேரிலிருந்து பார்ப்போமில்லையா, இதையும் அப்படி வரிசையாகப் பார்க்கணும்.

முதலில் ஏரோபிளேன் மோடைப் போட்டு, அரை நிமிஷம் கழித்து எடுங்க. போன் டவரைப் புதிதாகப் பிடிக்கும். ரீசார்ஜ் கெடு முடிந்துவிட்டதா பாருங்க. அப்புறம் சிம்மை வேறு போனில் போடுங்க. அங்கே அடித்தால் கோளாறு உங்க போனில். அடிக்காவிட்டால் சிம்மிலோ இணைப்பிலோ.

எஸ்.எம்.எஸ். மட்டும் வரலையா? பட்டன் போனில் பெட்டி நிறைந்திருக்கலாம், பழசை அழிங்க. அனுப்பினால் போகலையா? செட்டிங்ஸில் உள்ள மெசேஜ் சென்டர் எண் சரிதானா என்று சிம் கம்பெனியில் கேளுங்க.

என் சிம் வேறு போனிலும் அடிக்கவில்லை. *#21# அழுத்தினேன். அழைப்பெல்லாம் தெரியாத எண்ணுக்குத் திருப்பப்பட்டிருந்தது! முந்தின நாள் பார்சல் வந்திருக்கு என்று ஒருவன் *401* போட்டு ஓர் எண்ணை அழுத்தச் சொன்னது அப்போதுதான் உறைத்தது. ##002# அழுத்தியதும் சரியானது. அழைப்பில் வரும் ஓ.டி.பி.யும் அவனுக்கே போயிருக்கும் என்பதால் உடனே வங்கிக்குச் சொன்னேன். பணம் போயிருந்தால் 1930-ஐக் கூப்பிடணும்.

எனக்குக் கீரையோடு போச்சு. முகம் தெரியாதவர் சொல்லி எந்த எண்ணையும் அழுத்தாதீங்க.