காந்திஜியிடமே கண்டிப்புக் காட்டிய ஆடிட்டர்!

1934-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி. நல்ல பகல் வேளை. பீகாரில் பூமி குலுங்கியது. முங்கேர், முஸாபர்பூர் முதலிய நகரங்கள் இடிந்து விழுந்தன. பத்தாயிரம் பேருக்குமேல் மாண்டு போனார்கள். வீடு இழந்தவர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு வெட்டவெளியில் கிடந்தார்கள்.

நாடு முழுவதிலுமிருந்து பணம் வந்து குவிந்தது. பின்னாளில் நம் முதல் ஜனாதிபதியான ராஜேந்திர பிரசாத் நிவாரணக் கமிட்டிக்குத் தலைமை வகித்தார். பணத்துக்குக் கணக்கு வைக்க ஒரு கண்டிப்பான ஆள் வேண்டுமே! தஞ்சாவூரில் பிறந்த ஒரு தமிழர் அந்தப் பொறுப்பை ஏற்றார். அவர்தாம் ஜே. சி. குமரப்பா.

குமரப்பா வந்ததும் ஒரு விதி செய்தார். நிவாரண வேலை செய்யும் தொண்டருக்குச் சாப்பாட்டுச் செலவு ஒரு நாளைக்கு இவ்வளவுதான். அதற்குமேல் ஒரு காசு கிடையாது. பெரியவர், சிறியவர் என்ற பேதமும் கிடையாது.

இந்தச் சமயத்தில் காந்தியடிகள் பீகாருக்கு வந்தார். அவருடன் ஒரு சிறு கூட்டமே வந்தது. பால், பழம், மோட்டாருக்குப் பெட்ரோல் என்று செலவு ஏறும். குமரப்பா என்ன செய்தார் தெரியுமா? காந்திஜியின் காரியதரிசி மகாதேவ தேசாயைக் கூப்பிட்டார். இந்தச் செலவை நிவாரணப் பணத்திலிருந்து கொடுக்க முடியாது, நீங்களே வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்!

விஷயம் காந்திஜியின் காதுக்கு எட்டியது. அவர் குமரப்பாவை அழைத்துக் கேட்டார். பூகம்பத்தில் அடிபட்ட ஜனங்களுக்காக வந்த பணம் இது, வேறு எதற்கும் தொட முடியாது என்று குமரப்பா விளக்கினார். காந்திஜி மறுபேச்சுப் பேசவில்லை. தம் செலவைத் தாமே பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்.

பத்து ரூபாய் பொதுப்பணம் கைக்கு வந்தால் அதில் ஒரு காப்பிச் செலவை எழுதிவிடுகிற நமக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தோன்றும். ஆனால் குமரப்பாவுக்கு இது வெறும் ஆடிட்டர் புத்தி அல்ல. அவர் ஆழ்ந்த கிறிஸ்தவர். ஏழையின் பணத்தைக் கையாளுவது அவருக்கு ஜெபம் செய்வதைப் போன்ற காரியம்.

வேதாகமத்தில் சகேயு என்ற ஆயக்காரனின் கதை வருகிறது. வரி வசூலித்துப் பணக்காரன் ஆனவன் அவன். ஆள் குள்ளம். இயேசுநாதரைப் பார்க்க மரத்தில் ஏறினான். அவர் அவனைக் கீழே இறங்கி வரச் சொல்லி, அவன் வீட்டுக்கே விருந்தாளியாகப் போனார். உடனே சகேயு என்ன செய்தான்? பாட்டுப் பாடவில்லை, பிரசங்கம் செய்யவில்லை. கணக்குப் பார்த்தான்! சொத்தில் பாதி ஏழைகளுக்கு. அநியாயமாக வாங்கியது இருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். அந்த ஆயக்காரனின் பக்தி பணப்பையில்தான் முதலில் தெரிந்தது. குமரப்பாவின் பக்தியும் அந்த ஜாதிதான்.

இவர் பிறவியிலேயே எளிமைக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். 1892-ல் வசதியான கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். லண்டனுக்குப் போய் ஆடிட்டர் தொழில் கற்றார். பம்பாயில் சொந்தமாகத் தொழில் நடத்தினார். பிறகு அமெரிக்காவில் பொருளாதாரம் படித்தார். அங்கேதான் கண் திறந்தது. இந்தியா ஏன் ஏழையாயிற்று என்று ஆராயப் புகுந்தவர், அன்னிய சர்க்காரின் வரி, செலவுக் கணக்குகளைப் புரட்டினார். நாட்டின் பணம் எங்கே போகிறது என்று புரிந்துவிட்டது.

அந்த ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டு 1929-ல் சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். பட்டில் தைத்த மேல்நாட்டு உடை அணிந்திருந்தார். குறித்த நேரத்துக்குச் சற்று முன்பே வந்துவிட்டார். ஒரு மரத்தடியில், சாணி மெழுகிய தரையில் ஒரு கிழவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். இவர் நின்று வேடிக்கை பார்த்தார். நேரம் ஆனதும் கிழவர், நீங்கள்தான் குமரப்பாவா என்று கேட்டார். அவர்தான் காந்திஜி! குமரப்பா அந்தப் பட்டு உடையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரோ நாற்காலி கொண்டு வந்தார்கள். வேண்டாம் என்றார்.

அதன் பிறகு கதர்தான். கார்னீலியஸ் என்ற பெயரை விட்டுக் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை வைத்துக்கொண்டார். கிறிஸ்துவை மட்டும் விடவில்லை.

சோதனை சீக்கிரமே வந்தது. 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகம். நிராயுதபாணிகளான ஜனங்கள் தடியடி பட்டார்கள். குமரப்பா கிறிஸ்தவப் பாதிரிமாருக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். அடித்தவனைத் திருப்பி அடிக்காதே என்பதுதானே மலைப் பிரசங்கம்? அதை இங்கே ஜனங்கள் செய்து காட்டுகிறார்களே, நீங்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்பது அவர் கேள்வி. கல்கத்தாவில் இருந்த தலைமை பிஷப் வெஸ்ட்காட், சட்டமறுப்பு கிறிஸ்துவின் போதனைக்கு ஒத்து வராது என்று பதில் எழுதினார். குமரப்பா விடவில்லை, எதிர்த்து வாதாடினார். தம் சபையின் மிகப் பெரிய குருவோடு பகிரங்கமாக வழக்காடுவது லேசான காரியமா? சொந்த ஜனமே முகம் சுளிக்குமே! அதையும் தாங்கினார். சிறைக்கும் போனார், ஒரு முறை அல்ல, பல முறை.

சிறையில் சும்மா இருக்கவில்லை. 1942 போராட்டத்துக்குப் பிறகு ஜபல்பூர் சிறையில் இருந்தபோது இரண்டு புத்தகங்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. மற்றது பொருளாதாரம். இரண்டும் 1945-ல் வெளிவந்தன. இரண்டுக்கும் காந்திஜியே முன்னுரை எழுதினார்.

பொருளாதாரப் புத்தகம் என்றதும் பயப்பட வேண்டாம். பிராணிகளைக் காட்டியே விளக்குகிறார். புலி பிற உயிரைக் கொன்று வாழ்கிறது. குரங்கு, மரம் வைக்காமல் பழத்தைப் பறிக்கிறது. பறவை தானே பாடுபட்டுக் கூடு கட்டுகிறது. தேனீ தனக்கென்று இல்லாமல் கூட்டம் முழுவதற்கும் தேன் சேர்க்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே தாய்ப் பறவை. பதிலுக்கு எதுவும் கேளாமல் குஞ்சுக்கு இரை ஊட்டுகிறது. மனிதன் ஏறவேண்டிய படிகள் இவை என்கிறார் குமரப்பா. கடைசிப் படியில் அவர் கண்டது இயேசுவின் தொண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரே சிறை அறையில் பிறந்த அந்த இரண்டு புத்தகங்களும் உண்மையில் ஒரே புத்தகம்தான்!

வார்தாவில் பல ஆண்டுகள் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தினார். செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, தேனீ வளர்ப்பு, கைக் காகிதம் என்று ஏழையின் கைக்கு வேலை தேடிக்கொண்டே இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மனிதர் கோபக்காரர். மனத்தில் பட்டதைச் சுதந்திரம் வந்த பிறகு சொந்த சர்க்காரிடமும் அதே வேகத்தோடு சொன்னார். அதனால் மந்திரிகளுக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம் கிடையாது.

உடம்பு தளர்ந்தபின் மதுரை ஜில்லா தே. கல்லுப்பட்டிக்கு வந்து, காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். அவர் குடிசைச் சுவரில் ஓர் ஏழைக் குடியானவனின் படம் மாட்டியிருந்தது. வருகிறவர்கள் காந்திஜியின் படத்தைப் பார்ப்பார்கள். பிறகு இந்தப் படத்தைப் பார்த்து, இது யார் என்று கேட்பார்கள்.

இவர் என் எஜமானின் எஜமான் என்பாராம் குமரப்பா.

1960-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி சென்னையில் அவர் காலமானார். காந்திஜி சுடப்பட்டு இறந்த அதே தேதி.