பழைய கணினியில் விண்டோஸ் 11 ஏற மறுப்பது ஏன்?

விண்டோஸ் 11 கேட்பதில் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் பத்து வயதான கணினியில்கூட இருக்கும். நிறுவல் தடைபடுவது பெரும்பாலும் டிபிஎம் 2.0, செக்யூர் பூட், புராசசர் ஆகிய மூன்றில்தான். முதல் இரண்டும் பல கணினிகளில் உண்டு. ஆனால் பயாஸில் அணைந்து கிடக்கும்.

டிபிஎம் என்ற பெயரிலேயே அதைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். இன்டெல் போர்டுகளில் அது பிடிடி என்றும், ஏஎம்டி போர்டுகளில் எஃப்டிபிஎம் என்றும் இருக்கும். இயக்கிவிட்டுச் சேமித்தால் போதும்.

செக்யூர் பூட்டில் அவசரம் கூடாது. அது யுஇஎஃப்ஐ முறையில்தான் இயங்கும். பழைய லெகசி முறையில் விண்டோஸ் 10 போட்ட டிஸ்க் எம்பிஆர் அமைப்பில் இருக்கும். பயாஸை மட்டும் யுஇஎஃப்ஐக்கு மாற்றினால் கணினி பூட் ஆகாது. விண்டோஸே போய்விட்டதென்று பயந்து டிஸ்க்கை ஃபார்மட் செய்பவர்கள் உண்டு. லெகசிக்குத் திரும்பினால் அது பழையபடி வந்துவிடும். விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பு முதல் கூடவே வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவி, கோப்புகளை அழிக்காமல் டிஸ்க்கை யுஇஎஃப்ஐக்குத் தேவையான ஜிபிடி அமைப்புக்கு மாற்றும். பேக்கப் எடுத்துவிட்டு அதை ஓட்டி, பிறகு பயாஸை மாற்றுவதே சரியான வரிசை.

நிறுவலுக்கான பென் டிரைவும் காலை வாரும். யுஇஎஃப்ஐ எங்கும் நிச்சயமாகப் படிப்பது ஃபேட்32 மட்டுமே. அதில் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு ஏறாது. விண்டோஸ் ஐஎஸ்ஓவில் உள்ள இன்ஸ்டால்.விம் கோப்பு பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டிவிடுவதால், கையால் நகலெடுப்பது பாதியில் நிற்கும். ரூஃபஸ் போன்ற கருவி இதைச் சமாளிக்கும்.

புராசசர் விஷயத்தில் மைக்ரோசாஃப்டின் பட்டியல் ஏறக்குறைய இன்டெல் 8-ஆம் தலைமுறை, ஏஎம்டி ரைசன் 2000 வரிசையிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முந்தையவற்றில் இந்தச் சோதனையை ரூஃபஸ் மூலம் தாண்டலாம். ஆனால் அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. கோர் 2 டியோவில் அந்த வழியும் இல்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு எஸ்எஸ்இ4.2, பாப்கவுண்ட் என்ற கட்டளைகள் கட்டாயம். அவை அந்தச் சிப்பிலேயே கிடையாது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், இத்தகைய கணினிகளுக்கு லினக்ஸ் மின்ட் போன்றவை பொருந்தும். புராசசர் 64 பிட்டா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். 32 பிட் கணினிகளுக்கான டெஸ்க்டாப் ஐஎஸ்ஓவை, மின்ட்டைப் போன்ற இன்னொரு லினக்ஸான உபுண்டு 2017-இல் வந்த 17.10 பதிப்போடு கைவிட்டது. டெபியனும் 2025-இல் வந்த 13-ஆம் பதிப்பில் 32 பிட் பிசிக்கான நிறுவியை நிறுத்திவிட்டது.